மஞ்சள் படலம்

ஆய்வகச் சன்னல்களைச் சாத்தச் சொன்னவன் நான். அதை மறைத்து மருத்துவரிடம் பொய் சொன்னவனும் நான்தான்.

அரியலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். ஆண்டிமடத்திலிருந்து பஸ்ஸில் வரும் இறுதியாண்டு மாணவி ஒருத்தி, சூரிய மின்கலத்துக்கான மெல்லிய படலத்தை ஆய்வாக எடுத்திருந்தாள். காட்மியம் உப்பும் கந்தகச் சேர்மமும் அம்மோனியாவும் கலந்த கரைசலைச் சூடாக்கி, அதில் கண்ணாடித் துண்டை நிறுத்தினால் மஞ்சளாகப் படியும். சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசி விழுந்து மூன்று முறை வீணாகியிருந்தது. அம்மோனியா ஆவியை வெளியே இழுக்க எங்களிடம் ஒரு விசிறிகூட இல்லை.

“கண்ணு எரியுது சார். ஒரு சன்னலயாவது தெறக்கட்டுமா?”

“அரை மணி நேரந்தானம்மா. தூசி வுழுந்தா மறுபடி மொதல்லேர்ந்து.”

“உங்களுக்கென்ன சார், அடுத்த ரூம்ல ஒக்காந்துக்குவீங்க.”

சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. அவள் சொன்னபடியே நான் அடுத்த அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நல்லது என்று நினைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தாள் திருத்தினேன்.

போய்ப் பார்த்தபோது தரையில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். “காலைல சாப்புடாம வந்துட்டா போலிருக்குங்க” என்றேன். வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள். குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள், மூச்சுத்திணறி அவளைத் திருச்சிக்குக் கொண்டுபோனதாகத் தெரிந்தது. அங்கே போய் மருத்துவரிடமும் அவள் அப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு ஆயிருக்குங்களா?” என்று அப்பா மருத்துவரைத்தான் கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

பிழைத்தாள். நடந்ததைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தேன். விசிறி வந்தது, ஆய்வகப் பொறுப்பு என்னைவிட்டுப் போனது. அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“சார் ஒண்ணு சொன்னப்புறம் நான் எப்புடி சார் மாத்திச் சொல்றது?” என்றாள்.

முந்திரிக்கொட்டை வறுத்துப் பிழைக்கும் குடும்பம். அந்தப் புகை இனி அவளுக்கு ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். வறுக்கும் மாதங்களில் அவளைப் பெரம்பலூரில் அத்தை வீட்டில் விட்டார்கள். பரீட்சையில் தேறினாள். எம்.எஸ்சி. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு ஆண்டிமடத்துக்குப் போனேன். அவள் அப்பா அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“லேபு இல்லாத படிப்பா பாத்துக்குறோம் சார்.”

தபால்வழியில் வரலாறு சேர்ந்தாள்.