நடுச்சீட்

ஒரு ஜப்பான் கொம்பனியின் மிகப் பெரிய செடானுடைய வரலாறு எனக்கு மனப்பாடம். வயிறெரிந்து படித்த பாடம் அது. அந்தக் கார் புதிய உருவில் வெளிவரும்போதெல்லாம் கனடாவில் மார்க்கம் நகரில் இருந்த பெரியப்பா பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பார். பக்கத்து ஊரான ஸ்காபரோவில் எங்கள் அப்பா அதே கொம்பனியின் கடைக்குட்டிக் காரைக் கதவு துருப்பிடித்த பிறகும் விடாமல் ஓட்டுவார். "ரெண்டுக்கும் நாலு சில்லுத்தானே" என்பார்.

முதல் உருவில் முன்பக்கம் தனித்தனி இருக்கைகள் இல்லை. கதவிலிருந்து கதவு வரை ஒரே நீள இருக்கை. கியர் ஸ்டியரிங்கின் அருகில் இருக்கும். பிற்காலத்தில் அந்த நடு இடத்தை எடுத்துவிட்டுக் கோப்பிக் கப் வைக்கும் பெட்டி வைத்தார்கள். இப்போது அந்தக் காரைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த நாளில் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவர் எப்போதும் அவர்களுடைய ஒரே மகள், எனக்கு இரண்டு வயது மூத்த அக்கா. பின்சீட் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். நானோ எங்கள் காரில் இரண்டு தம்பிமாரின் முழங்கைகளுக்கிடையே நசுங்கிக்கொண்டு, முன்னே போகும் காரில் தெரியும் அவளுடைய தலையைப் பார்த்துப் பார்த்து வெந்துகொண்டிருப்பேன்.

இரண்டாவது உருவம் வந்தது. நீள இருக்கை அப்படியே இருந்தது, இம்முறை தோலில். கோயில் பார்க்கிங்கில் பூசை. ஐயர் நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். நிலம் பனியில் உறைந்திருந்ததால் ஒன்று நசுங்காமல் வழுக்கி எங்கள் காருக்கடியில் ஓடிவிட்டது. குனிந்து அதை எடுத்துக் கொடுத்தவள் நான். இவ்வளவு பாடுபட்டவளுக்கு நடுச்சீட் கிடைக்கக் கூடாதா? அந்த இடத்திலேயே அழத் தொடங்கினேன். கிள்ளுவதற்கு அம்மாவின் கை நீண்டது.

அதற்குள் அக்கா, "அவளே இருக்கட்டும். ப்ளீஸ் அப்பா" என்றாள். பதிலுக்கு நிற்காமல் எங்கள் காருக்கு ஓடி, தம்பிமாருக்கிடையே புகுந்துகொண்டாள். பெரிய வீட்டுப் பிள்ளை எனக்குப் பிச்சை போடுகிறாளாம்! கொதித்தது. ஆனாலும் ஏறி இருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனதும் பெரியம்மா என்னிடம், "பிள்ளை, பெரியப்பாட்டக் கேள், ஹீட்டரைக் குறைக்க ஏலுமோ எண்டு" என்றார். பெரியப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் கேட்டேன்.

அவர் வீதியைப் பார்த்தபடியே, "யன்னலைத் திறக்கச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

"கார் எடுக்க முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டவரோ எண்டு கேள்."

கேட்டேன்.

"கேட்டா மட்டும் ஓமெண்டிருப்பாவோ எண்டு கேள்."

மார்க்கம் வரை எனக்கு ஓய்வே இல்லை. எங்கள் காரில் நான் வாய் திறந்தாலே அதட்டு விழும். இங்கே இரண்டு பெரியவர்கள் நானில்லாமல் ஒரு சொல்லும் கதைக்க முடியாமல் இருந்தார்கள். இத்தனை காலமும் இந்த ராஜமரியாதையை அக்கா தனியாக அனுபவித்திருக்கிறாளே என்று நினைக்க வயிறு இன்னும் எரிந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா எங்களுக்கு முன்பே வந்து இறங்கியிருந்தாள். தம்பிமாருடன் அடிபட்டு விளையாடியதில் தலை கலைந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஒரு பக்கமாக இழுத்துப்போய், "அப்பாவும் அம்மாவும் கதைச்சவையோ?" என்று கேட்டாள்.

"ஓம், வழி முழுக்க."

அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு பேருமோ? உண்மையாவோ?"

"ஓம். எல்லாம் என்னட்டச் சொல்லித்தான்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

அவள் முகம் வாடி உள்ளே போய்விட்டாள். ஒருவழியாக அவளுக்கும் என்மேல் பொறாமை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், அன்று பெரியம்மா போட்ட சோற்றை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.