கத்தி மாட்டத் தெரிந்தவர்

லைல் ஸ்வென்ஸ்ருட்டுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் நாற்பது வருஷம் மரத்தோடு போயிற்று. மின்னசோட்டாவின் மேற்குக் கோடியில், ஏரிக்கும் சோளக் கொல்லைக்கும் நடுவே, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. அந்த வட்டாரத்தில் பத்து வீட்டுச் சமையலறை அலமாரிகளைத் திறந்தால் குறைந்தது நாலு அவர் கைவேலையாக இருக்கும். வேலை பேசும், மனுஷர் பேச மாட்டார். கேட்டால் பதில் வரும், அதுவும் பாதிதான் வரும். சரியான கல்லுளிமங்கன்.

அந்தக் கைக்கு இரண்டு வருஷமாக நடுக்கம். சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓர் ஆணியைப் பிடித்தால், பென்சிலால் ஒரு கோடு இழுத்தால், உதறத் தொடங்கிவிடும். ஜனவரியில் யாருக்கும் சொல்லாமல் ஃபார்கோ நகரத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையால் தூக்கம் வந்தது, நடுக்கம் போகவில்லை. மனைவி மார்லிஸிடம் டிராக்டர் சாமான் வாங்கப் போனதாகச் சொல்லிவிட்டார். மார்லிஸ் அவருக்குக் காபியை அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றுவதை நிறுத்தி ஒரு வருஷமாகியிருந்தது. அதை இவர் கவனிக்கவே இல்லை. ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள், என்ன செய்வது!

கை போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். மூடிவிட்டு எதிர்வீட்டு ரிடையர்டு ஆட்கள் மாதிரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பனி கரைவதைப் பார்க்க வேண்டியதுதான். கையால் இழைப்புளி பிடித்துப் பலகையைச் சமமாக்குவது இனி ஆகாது. போன மாதம் இழைத்த மேசைப் பலகை உழுத வயல் மாதிரி வந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. பெரிய இழைப்பு மெஷின் ஒன்று வாங்கிவிட்டால்? இந்தப் பக்கம் பலகையை விட்டால் அந்தப் பக்கம் கண்ணாடியாக வரும். மெஷினுக்கு எங்கே கை நடுங்கப் போகிறது?

மாணவர்கள் குறைந்து மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றில் தச்சுப் பட்டறைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நடுக்கூடத்தில் அப்படி ஒரு மெஷின் நின்றது. வார்ப்பிரும்பு, இரண்டடி அகலப் பலகையை விழுங்கும் வாய், ஒன்றேகால் டன் கனம். லைல் அதைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் டுவேன் கிட்டல்சனும் கூட வந்திருந்தார், சும்மா வேடிக்கை பார்க்க.

ஏலம் தொடங்கியது. லைல் நம்பர் அட்டையைத் தூக்கினார். அட்டை காற்றில் படபடத்தது. அறுநூறு டாலர் என்றான் ஏலக்காரன். எதிரே ஒருவன் எழுநூறு என்றான். லைல் மறுபடி தூக்கினார், எண்ணூறு. எதிராளி தலையாட்டி ஒதுங்கிவிட்டான். ஆனால் லைலின் அட்டை இறங்குவதற்குள் மறுபடி ஆடியது.

"தொள்ளாயிரம்!" என்று கத்திவிட்டு ஏலக்காரன் நிறுத்தினான். "அண்ணே, உங்களுக்கு எதிரா நீங்களே கேக்கறீங்களே! இவ்வளவு ஆசையா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. லைலும் சிரித்துவைத்தார், காது மடல் சிவக்க. டுவேன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் லைலுக்கே விழுந்தது. ஆனால் அதன் உருளையில் பலகையை இழைக்கும் மூன்று கத்தியும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் மூன்றையும் கழற்றித் தீட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருந்தார். "மாட்டிக்கிட்டா போச்சு" என்றார் லைல். நாற்பது வருஷமாக எத்தனை மெஷினுக்குக் கத்தி மாட்டியிருப்பார். அந்த நிமிஷத்தில் கையை அவர் மறந்தே போனார். இதைவிட ஒரு முட்டாள்தனம் உண்டா?

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மெஷின் வந்து இறங்கியது. உறைந்த மண் இளகி வாசலெல்லாம் சேறு. டுவேன் தன் லோடர் வண்டியைக் கொண்டுவந்து, சங்கிலி போட்டுத் தூக்கி, சேற்றில் பலகை பரப்பி, வாசல்வரை கொண்டுவந்தார். அப்புறம் இரும்புக் குழாய்களை அடியில் கொடுத்து அங்குலம் அங்குலமாக உருட்டினார்கள்.

"இது மெஷினாடா, இல்ல சர்ச் மணியா?" என்றார் டுவேன் மூச்சு வாங்க. "உள்ள போனா திரும்ப வெளிய வராது. உன் கொட்டாயத்தான் பிரிக்கணும்."

"பரவாயில்ல" என்றார் லைல்.

மெஷினுக்கு மூணு பேஸ் கரண்ட் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒற்றை. அதற்கான மாற்றுப் பெட்டியை டவுன் எலக்ட்ரீஷியன் முந்தின வாரமே வைத்துவிட்டுப் போயிருந்தார். டுவேன் சுவிட்சைப் போட்டார். உருளை உறுமிக்கொண்டு சுற்றியது, பின்பக்கமாக.

"பாரு, உன்ன மாதிரியே. எல்லாம் தலைகீழ்!" டுவேன் கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு ஒயரை மாற்றி முடுக்கினார். இப்போது சரியாகச் சுற்றியது. லைலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெஷினின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

டுவேன் பெட்டியைத் திறந்து கத்திகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், தொட்டால் அறுக்கும். "இதையும் நானே மாட்டித் தரட்டுமாடா?"

இந்த ஊரில் ஒருவர் ஒன்றைத் தருகிறேன் என்றால் உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. முதல் தடவை வேண்டாம் என்க வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, உனக்குச் சிரமமில்லை என்றால், என்று இழுத்து ஒப்புக்கொள்ளலாம். ஒரு துண்டு கேக்கிலிருந்து சிறுநீரகம் வரைக்கும் இங்கே இதுதான் முறை.

"வேண்டாம்ப்பா, உனக்கு எதுக்கு சிரமம்" என்றார் லைல்.

"சிரமம் என்ன, அரை மணி வேலை. மாட்டிடறேனே?"

"வேண்டாம், நான் பார்த்துக்கறேன்."

லைல் மூன்றாவது தடவைக்குக் காத்துக்கொண்டிருந்தார். டுவேன் வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்து மார்லிஸ் வாசலிலிருந்து "சாப்பாடு ஆறுது, வாங்க!" என்று கூப்பிட்டார். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டில் விழுந்ததும் பேச்சு மழை, விதை, ஏரியில் மிச்சமிருந்த பனிக்கட்டி என்று போய்விட்டது. சாப்பிட்டு முடித்து டுவேன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லைல் வாசல்வரை போனார், வண்டிவரை போனார், சேற்றில் நின்றுகொண்டு மேலும் கால் மணி நேரம் பேசினார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் தனியே உட்கார்ந்தார். மூன்று கத்தியும் உருளையில் ஒரே உயரத்துக்கு நிற்க வேண்டும். மயிரிழை வித்தியாசம் வந்தாலும் பலகை அலை அலையாக வரும். உயரம் அளக்கும் டயல் கேஜை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டே திருகுகளை முடுக்க வேண்டும். முன்பெல்லாம் வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டே செய்வார்.

கேஜை வைத்தார். முள் ஆடியது. மெஷின் சரியாக நிற்கவில்லையோ என்று தரையைச் சோதித்தார். நன்றாகத்தான் நின்றது. மணிக்கட்டை மெஷின் உடம்போடு அழுத்திப் பிடித்துப் பார்த்தார். இடது கையால் முயன்றார். மூச்சை அடக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் ஏறியது. ஸ்பேனர் நழுவியது, கட்டை விரலைக் கத்தி பதம் பார்த்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதே பாடு. "சனியனே, ஒரு நிமிஷம் சும்மா இரேன்!" என்று தன் கையைப் பார்த்தே கத்தினார். அது கேட்டால்தானே!

புதன்கிழமை காலை ஒருவழியாக மூன்றையும் மாட்டிவிட்டதாக நினைத்தார். ஒதுங்கி நின்று சுவிட்சைப் போட்டு, ஒரு பைன் பலகையை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் வந்த பலகை ஒரு முனை தடிமன், மறுமுனை மெலிவு, நடுவெல்லாம் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி. மெஷினை நிறுத்தித் திருகுகளைச் சோதித்தார். மூன்றாவது கத்தியில் இரண்டு திருகுகள் விரலால் திருப்பினாலே சுற்றின. இறுக்கிவிட்டதாகச் சத்தியமே செய்திருப்பார். அந்த வேகத்தில் கத்தி கழன்றிருந்தால் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். நடுவில் யார் நின்றாலும் அவ்வளவுதான். சில சமயம் மார்லிஸ் காபி கொண்டுவந்து அந்த இடத்தில்தான் நிற்பார்.

லைல் மெஷினின் கரண்டைத் துண்டித்தார். மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

மத்தியானம் சமையலறைக்குப் போய் டுவேனுக்குப் போன் போட்டார். மார்லிஸ் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னடா, எப்படி இருக்க?" என்றார் டுவேன்.

"இருக்கேன். குறை ஒண்ணும் இல்ல."

"காத்து பலமா அடிக்குது."

"ஆமா, பலமாத்தான் அடிக்குது."

மழை வருமா என்று பேசினார்கள். சோளம் எப்போது விதைப்பது என்று பேசினார்கள். யாரோ ஒருவனுடைய டிராக்டர் சேற்றில் மாட்டிய கதையை ஆதியிலிருந்து அந்தம்வரை பேசினார்கள். மெஷின் எப்படி ஓடுகிறது என்று டுவேனே கேட்டார், பாவம், வழி விட்டுத்தான் கேட்டார். "பரவாயில்ல, மோசமில்ல" என்றார் இந்த மனுஷர். "சரி, வேற ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்." போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரை மெல்ல ஒதுக்கிவிட்டு அதே நம்பரைப் போட்டார்.

"டுவேன், மார்லிஸ் பேசறேன். லைலுக்குக் கை நடுங்குது. ரெண்டு வருஷமா. அந்தக் கத்திய லைலால மாட்ட முடியல. நீ வந்து மாட்டிக் குடு."

அந்த வீட்டில் அந்த வார்த்தைகள் முதல் தடவையாக அப்போதுதான் வெளியே வந்தன. நடுச் சந்தையில் சட்டையைக் கழற்றிவிட்ட மாதிரி இருந்தது லைலுக்கு. கோபப்படப் பார்த்தார், வரவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று போனை வைத்த மார்லிஸிடம் கேட்டார்.

"நாப்பது வருஷமா உன் கூடத்தானே சாப்பிடறேன்" என்றார் மார்லிஸ். "நீ சொல்லுவ, சொல்லுவன்னு பார்த்தேன். சொல்லவே மாட்டேங்கற. எனக்கும் எத்தன நாள்தான் தெரியாத மாதிரி நடிக்க முடியும்?"

டுவேன் கால் மணியில் வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கேஜின் முள் அவர் கையில் செத்த பாம்பு மாதிரி கிடந்தது. அரை மணி என்றவர் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். லைல் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தார். வெளிச்சம் நடுங்கியபோது டுவேன் அது நிற்கும்வரை பொறுத்திருந்தார்.

சுவிட்சைப் போட்டு மேப்பிள் பலகை ஒன்றை உள்ளே விட்டார்கள். மறுபக்கம் அது பட்டாக வந்தது. லைல் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். இப்படி ஒரு பலகையை அவர் கை இரண்டு வருஷமாகத் தொட்டதில்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார் டுவேன். "கத்தி மழுங்கினா சொல்லு. நாலு மாசத்துக்கு ஒரு தடவைதானே. வந்து மாட்டிட்டுப் போறேன்."

"அதுக்கப்புறம்?"

"என்ன அதுக்கப்புறம்?"

"கத்திய நீ மாட்டிடுவ. பலகையப் பிடிச்சு உள்ள விடணுமே. அளக்கணும். அறுக்கணும்." லைல் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்குப் பயமா இருக்கு, டுவேன்."

இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒருவர் அப்பாவின் சவப்பெட்டியை மற்றவர் தோள் கொடுத்துத் தூக்கியிருக்கிறார். ஆனால் இப்படி ஒரு வார்த்தையை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. ஒன்றேகால் டன் இரும்பைச் சேற்றில் தூக்கிக்கொண்டு வந்த மனுஷர் பலகையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்னொரு பலகை இருக்காடா?" என்றார் கடைசியில்.

இருந்தது. லைல் ஒரு முனையைப் பிடித்தார், டுவேன் மறுமுனையைப் பிடித்தார். கொட்டகையில் இருந்த பலகை அத்தனையும் தீரும்வரை இழைத்துக்கொண்டே இருந்தார்கள்.