ஒரே லாட் மஞ்சள் சட்டை

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்து பல வருடம் ஆகிறது. வருடா வருடம் எல்லோரும் டூர் போவார்கள். நான் போனதில்லை. தனி ஆளாகப் பஸ் ஏறினால் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்ற யோசனையிலேயே ஆசை போய்விடும். போன வருடம் பக்கத்து மேசைப் பெண் விடவில்லை.

"ஏனுங்க்கா, மைசூருக்குக் கூட வரமாட்டீங்களா? நாங்க நாலு பேரு, உங்களோட அஞ்சு. ஊட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன். எங்களோடவே இருங்க."

அந்த 'எங்களோடவே'க்காகத்தான் கிளம்பினேன். இரண்டு நாள் யாரோடாவது பேசிக்கொண்டே நடக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை.

ஆள் தவறிவிடக் கூடாதென்று எல்லோருக்கும் மஞ்சள் டி-சர்ட் கொடுத்தார்கள். ஏற்றுமதிக்குப் போகாமல் கழிக்கப்பட்ட லாட். கழுத்துப் பட்டி மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கும். அந்தக் குறைக்கு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியதே எங்கள் மேசைதான். பெண்கள் புடவைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டோம்.

மிருகக்காட்சி சாலைக்குள் போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்காது. பக்கத்து மேசைப் பெண்ணின் சின்ன மகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள்.

"நீங்க முன்னாடி போயிட்டே இருங்க்கா, வந்தர்றோம்."

நின்றிருக்கலாம். நின்றால் அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமோ என்று, முன்னால் தெரிந்த மஞ்சள் சட்டைகளின் பின்னால் போனேன்.

ஒட்டகச்சிவிங்கி இருக்கும் இடத்தில் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி தன் பையை என் கையில் திணித்தாள். பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"எக்கா, இதக் கொஞ்சம் புடிங்க. செருப்பு வாரு அந்துட்டு."

அவள் குனிந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது கழுத்துப் பட்டியைப் பார்த்தேன். நல்ல மஞ்சள். வெளுக்கவே இல்லை. கை மடிப்பில்தான் தையல் விட்டிருந்தது. ஒரே ஆர்டரை இரண்டு கம்பெனிக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கம். இவர்களும் தங்களிடம் மீந்ததைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். இது என் கூட்டம் இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

"எந்த செக்சன்க்கா? உங்களப் பாத்த மாதிரியே இல்லியே."

"செக்கிங்" என்றேன். பொய் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அதான். நீங்க மேல் மாடி, நாங்க கீழ." அவளே முடிவு செய்துகொண்டாள்.

பையை அவள் திரும்பக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. புலி மல்லாந்து தூங்கியது. "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்துருக்கும் போல" என்றாள். நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பாதி பிரித்து வைத்தாள். சாப்பிடும்போது இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

வாசலில் அவர்களுடைய சூப்பர்வைசர் தலை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு கூடுதே. கொரங்கு ஏதாச்சும் சட்டையப் போட்டுட்டு வரிசைல வந்து நின்னுருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"நான் உங்க கம்பெனி இல்லீங்க" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அய்ய, மொதல்லயே சொல்லப்பிடாதாக்கா?" என்று பையை வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊக்கு குத்திய செருப்பை இழுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

எங்கள் பஸ்ஸைத் தேடிப் பிடித்தேன். எல்லோரும் ஏறியிருந்தார்கள். டிரைவர் மட்டும் டீ குடிக்கப் போயிருந்தார். குடும்பம் குடும்பமாகக் கேட்டு எண்ணிக்கை முடித்துவிட்டதாக எங்கள் சூப்பர்வைசர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைப் பெண்ணுக்குப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"எங்கீங்க்கா போனீங்க? பின்னாடி உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சு அஞ்சு பேரும் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

பிறகு போனை நீட்டினாள். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருந்தது, யானைக்கு முன்னால் மொத்தக் கம்பெனியும் நின்று எடுத்த போட்டோ. விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகத் தள்ளிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உங்களக் காணமே. இத எடுத்ததே நீங்கதானுங்க்கா?"

"ஆமாங்க" என்றேன்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டாள்.