குறுக்கே ஓடிக் கற்ற கணக்கு

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டில் கணக்கில் ஃபெயில். "அரைப் பரீட்சையிலயும் இதே கதைன்னா ஸ்கூல் வேணாம். சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனில ஆள் எடுக்கறாங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்வார்.

அப்போதுதான் எங்கள் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போக, அவருக்குப் பதிலாக ஓர் இளம் டீச்சர் வந்தார். தினமும் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருவார். வந்த வாரத்திலேயே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, எங்களுக்கு என்ன நன்றாக வரும் என்று கேட்டார். கணக்கு டீச்சர் கேட்கிற கேள்வியா அது?

"கோ-கோ ஆடுவேன் மிஸ்" என்றேன் கூச்சத்தோடு.

"உன்ன யாராலயும் தொட முடியலையாமே. எப்படி?"

"சுத்திக்கினு ஓட மாட்டேன் மிஸ். குறுக்கால பூந்துடுவேன்."

"குறுக்கால போனா எவ்ளோ தூரம் மிச்சம்?"

மறுநாள் வகுப்பையே மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஆடுகளத்தின் இரண்டு பக்கங்களையும் என்னை அடிவைத்து அளக்கச் சொன்னார். நன்றாகப் படம் போடுகிறவள் அதை மண்ணில் வரைந்தாள். வாயாடி ஒருத்தி கிரிக்கெட் வர்ணனை மாதிரி விளக்கம் சொல்ல, ஒரே சிரிப்பு. மண்ணிலேயே கணக்குப் போட்டு, மூலைக்கு மூலை குறுக்கே எத்தனை அடி வரும் என்று முன்கூட்டியே என்னைச் சொல்ல வைத்தார். பிறகு நடந்து பார்த்தேன். சரியாக வந்தது. பிதாகரஸ் தேற்றம் என் காலுக்குத்தான் முதலில் புரிந்தது.

அரையாண்டில் பாஸ். அப்பா மார்க்கை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சரி, படி" என்றார். அதைச் சொல்ல ஓடினால், பழைய டீச்சர் லீவு முடிந்து வந்துவிட்டார். புது டீச்சருக்கு வேறு எங்கோ வேலையாம். எந்த ஊர் என்று ஆபீஸிலும் தெரியவில்லை.

பத்தாவது ரிசல்ட் வந்ததும், அவர் இன்னும் அந்த ரயிலில் வருவார் என்ற நப்பாசையில், மார்க் ஷீட்டோடு பல நாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றேன். செங்கல்பட்டு வண்டியிலிருந்து இறங்குகிற புடவைகளையெல்லாம் பார்ப்பேன். அவர் வரவேயில்லை.

ஒன்றும் தெரியாதவள் என்று எல்லாரும் நினைத்த என்னிடம், தெரிந்த ஒன்றைக் கேட்டு அங்கிருந்து பாடத்தை ஆரம்பித்தாரே, அதை ஒருமுறை அவரிடமே சொல்லிவிட மாட்டோமா என்று மனசு இன்றும் ஏங்குகிறது.