துளைக்க வந்து அடைப்பவர்

வந்ததும் சுவரைத் தட்டுகிறார் பட்டி அக்கா. விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதை ஒட்டிவைத்து ஒரு கவனிப்பு. பழைய கம்பெனிக்காரர்கள் விட்டுப்போன ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் போதும். பையிலிருந்து தகட்டை எடுத்து, சுவருக்குப் பூசும் வெள்ளைப் பட்டியைக் குழைத்து, அடைக்க உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் அவருடைய வேலை வீடு வீடாக ஃபைபர் இணைப்பு கொடுப்பது. அதாவது, ஓட்டை போடுவது!

"முதல்ல அடுத்தவன் போட்ட ஓட்டைய அடைக்கணும் மேடம். அப்புறந்தான் நம்ம ஓட்டைக்கு மரியாதை" என்பார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். காதில் பென்சில், சட்டைப் பையில் இன்னொரு பென்சில். கேபிளை இழுக்கும்போது அதனோடு பேசுவார்: "வாடா கண்ணு, அடம் பிடிக்காத." முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளை இணைக்கும் நேரத்தில் அவர் மூச்சை அடக்குவது நியாயம். சுற்றி நிற்கிற நாமும் அடக்க வேண்டுமாம். "யாரும் தும்மிடாதீங்க, புண்ணியமாப் போகும்!"

எங்கள் குடியிருப்புக்குச் செயலாளராக இருப்பது என் தலையெழுத்து. மூன்றாம் மாடியில் ஒரு டீச்சர், கணினி வழியாகக் கணக்குப் பாடம் எடுக்கிறார். அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. பாதி வகுப்பில் படம் உறைந்து, குரல் அறுந்து, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை வகுப்பும் அறுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. மாடிக்குக் கேபிள் போகவேண்டிய குழாயிலோ, என்றோ ஒரு கொத்தனார் சிந்திய சிமென்ட் கல்லாகி அடைத்துக் கிடந்தது. மிச்சமிருந்த ஒரே வழி, தரைத்தளத்துக்காரரின் சுவர்.

அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனி ஆள் துளை போடுகிறேன் என்று தண்ணீர்க் குழாயைத் துளைத்து, அவருடைய கூடத்தைக் குளமாக்கிவிட்டுப் போய்விட்டான். சூடு கண்ட பூனை. "டிரில்லோட எவனாவது வாசலை மிதிச்சா நடக்கிறதே வேற!" என்று என் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு மீசையும் கிடையாது.

அக்கா வியாழக்கிழமை வெறும் பட்டி டப்பாவோடு போனார். "ஐயா, அந்தக் கம்பெனிக்காரன் விட்டுப்போன இந்த ஓட்டை பார்க்கச் சகிக்கல. அடைச்சுட்டுப் போயிடறேன்." அடைத்தார். போய்விட்டார். வெள்ளிக்கிழமை உப்புத்தாளோடு வந்து தேய்த்தார். கேபிள் பற்றி மூச்சே விடவில்லை. அவருடைய சூப்பர்வைசர் போனில் கத்தியது எனக்கே கேட்டது: "ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்கணும். அங்க என்ன பெயின்ட் வேலையா எடுத்திருக்கீங்க?"

நானும் என் பங்குக்கு அவசரப்படுத்தினேன். "அக்கா, திங்கக்கிழமை, திங்கக்கிழமை!"

"பட்டி காய வேணாமா மேடம்? ஈரச் சுவரும் கோவக்காரரும் ஒண்ணு. காயறதுக்குள்ள கை வெச்சா கையோட வந்துடும்."

சனிக்கிழமை பெயின்ட் அடித்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஓட்டுநருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா, எப்பத்தான் கேட்கப் போற?"

"எதைங்கய்யா?"

"நடிக்காத. கேபிளை!"

"தண்ணிக் குழா எப்படிப் போகுதுன்னு தெரியாம நான் எப்படிக் கேக்கறதுங்க?"

மனிதர் அக்காவின் காதிலிருந்த பென்சிலை வெடுக்கென்று உருவினார். ஈரம் காயாத புதுப் பெயின்ட் மேலேயே குழாய் போகும் வழியை மேலிருந்து கீழ்வரை கோடாக இழுத்தார். பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. "இங்க போடு. ஒரு விரக்கடை தள்ளிப் போச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அக்காவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது, அசட்டுத்தனம்.

திங்கட்கிழமை குறியின் நட்டநடுவில் துளை விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வெளிச்சுவர் வழியாகக் கேபிள் மாடி ஏறியது. மூன்று மணி வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கையில் டீச்சர் வீட்டு இணையப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுகையா வருதுக்கா."

"அப்புறம் அழுங்க. முதல்ல பாடத்த எடுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம். உள்ளேயிருந்து பின்னக் கணக்கு எங்கும் அறுபடாமல் ஓடிவரத் தொடங்கியது. எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். "அக்கா, கையோட எங்க வீட்டுக்கும் போட்டுடுங்களேன்." அதே சமயம் சூப்பர்வைசரின் போன். அன்றைக்கு முடிந்திருந்தது ஒரே ஒரு வீடு, இன்னும் ஐந்து பாக்கி.

"பாடம் முடியட்டும்மா, டிரில் சத்தம் உள்ள கேக்கும்" என்று அக்கா போனை அணைத்தார். டிரில்லின் முனையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீச்சர் வீட்டு வாசலுக்கு எதிரே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.