கிழக்கு பார்த்து வைத்த தொலைநோக்கி

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை என் மாமனார் வீட்டில் முதல் ‘கோவிந்தா’ சொல்வது நான்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். மாமனாருக்கு ஆண் பிள்ளை கிடையாது. இரண்டு பெண்கள், மூத்தவள் என் மனைவி. படையல் போட்டு, மாவிளக்கு ஏற்றியதும், நாமம் போட்ட சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பேன். மற்றவர்கள் என் பின்னால் சொல்வார்கள். பொன்னேரியைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஆரணியை ஒட்டி இருக்கும் அந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு குரலில்தான் இருந்தது. பத்தாவதோடு நிறுத்திவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் கணக்குப்படி இரும்பு கடையும் சி.என்.சி. மிஷினில் நிற்கிறவனுக்கு வேறு எதில் கிடைக்கும்?

போன வருஷம் அந்தக் குரல் என் சகலையிடம் போனது.

சகலை என்றால் என் மச்சினியின் புருஷன். பெரிய படிப்பு. வேப்பம்பட்டில் சொந்த வீடு. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனுஷன், அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். கொஞ்சம் திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் நான் பொறாமைப்படுவதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். அவர் வாய் நிறைய ‘அண்ணா’ என்பார். என் மிஷினைப் பற்றி அக்கறையாகக் கேட்பார். அதற்கும் எனக்கு எரியும்.

அந்தச் சனிக்கிழமை நானும் மனைவியும் விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு பைக்கில் கிளம்பினோம். பொன்னேரியில் நிறுத்தி, நானே பொறுக்கி எடுத்துக் கனமாக ஒரு துளசி மாலை வாங்கினேன். ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். “வாங்க மாப்ள” என்று மாமனார் சொன்னார். மாலையை வாசல் கதவின் ஆணியில் மாட்டினேன். ஒன்பது மணி வரை அது அங்கேயே தொங்கியது.

ஒன்பது மணிக்கு சகலையின் கார் வந்தது. மாமனார் செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

“பாத்து, பாத்து எறக்குங்க! உள்ள கண்ணாடி கீதுன்னு சொன்னாரு.”

கார் டிக்கியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி ஒன்று இறங்கியது. தொலைநோக்கி. அதிலும் கம்ப்யூட்டர் வைத்தது. சனி என்று பட்டனை அழுத்தினால் அதுவே திரும்பி சனியைக் காட்டுமாம். வாங்கி ஒரு வாரமாகியும் சகலை பெட்டியைப் பிரிக்கவில்லை. புதுச் சாமான் எதுவானாலும் மாமனார் வீட்டில் பெருமாள் முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரிப்பது என்று மச்சினி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம். நானும் அதற்கு முந்தின மாசம் ஒரு மிக்ஸி வாங்கியிருந்தேன். அதை அங்கே கொண்டு போய் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“ஊரு பூரா சொல்லிட்டேன், சின்ன மாப்ள” என்றார் மாமனார். “சாயங்காலம் எல்லாரும் நம்ம மாடிக்கு வராங்க.”

அட்டைப்பெட்டி பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள். நான் வாங்கி வந்த மாலையிலிருந்து மாமியார் ஒரு கண்ணி கிள்ளி அதன் மேல் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். படையல் முடிந்து, நான் வழக்கம் போல சொம்புக்குக் கை நீட்டினபோது மாமனார் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இந்த வருசம் சின்ன மாப்ள சொல்லட்டுமே. புதுச் சாமான் அவருதாச்சே.”

“ஐயோ, அண்ணா இருக்கும்போது நான் எப்படி மாமா?” என்றார் சகலை. நிஜமாகவே கூச்சப்பட்டார்.

“சும்மா சொல்லுங்க தம்பி” என்றேன் நான். என் வாய்தான் சொன்னது.

அவர் சொன்ன கோவிந்தா மெல்லியதாக, ஆபீசில் யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பெருமாளிடம் ஒன்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் பிள்ளை வரம் கேட்டிருக்கிறேன், உடம்பு சுகம் கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது, அந்தப் பெட்டியில் இருப்பது வேலை செய்யக் கூடாது என்று. மறைக்காமல் எழுதுகிறேன். நெற்றியில் நாமத்தோடு நின்று அதைத்தான் கேட்டேன்.

சாப்பாடானதும் எல்லாரும் படுத்துவிட்டார்கள். பெட்டி கூடத்தில் பிரித்துக் கிடந்தது. மேலாக ஒரு சின்னப் புத்தகம். இங்கிலீஷ் எனக்குத் திணறல்தான். ஆனால் மிஷின் படம் பார்க்கத் தெரியும். முதல் படத்தில் முக்காலி, அதன் தலையில் ரசமட்டக் குமிழி. இரண்டாவதில் குழாய் தரைக்குச் சமமாகப் படுத்திருந்தது. அதன் முன்னால் ஒரு அம்புக்குறி. அம்பின் நுனியில் N என்ற எழுத்து. வடக்கு. அதற்கப்புறம்தான் ஸ்விட்ச் போடுகிற படம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் காலையில் மிஷினைப் போட்டதும் முதல் வேலை அதை ‘ஹோம்’ கொண்டு போவது. தான் எங்கே நிற்கிறோம் என்று மிஷினுக்கு முதலில் தெரிய வேண்டும். தெரியாமல் ஓட்டினால் கணக்கெல்லாம் சரியாகத்தான் போடும், போய் இடிக்கிற இடம் மட்டும் வேறாக இருக்கும். இந்தக் குழாய்க்கு வடக்குதான் ஹோம்.

தலையைத் தூக்கினபோது மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை வைத்துவிட்டு நானும் போய்ப் படுத்தேன்.

ஆறரை மணிக்கு மாடியில் தெருவே கூடிவிட்டது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, முந்தின நாள் மழைக்கு அப்புறம். சகலை முக்காலியை விரித்தார், காலைக் கூட்டிக் குறைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டு வந்தார். அதெல்லாம் சரியாகவே செய்தார். குழாயை மாட்டினதும் மாமனார் முன்னால் வந்து நின்றார்.

“எந்தப் பக்கம் பாத்து வெக்கப் போற மாப்ள? கெழக்கால வையி. மொத மொதல்ல தொறக்கறோம்.”

சகலை ஒரு நிமிஷம் யோசித்தார். “சரி மாமா. உள்ள கம்ப்யூட்டர் இருக்கு, எப்படி வச்சாலும் அதுவே கண்டுபிடிச்சுக்கும்” என்று குழாயைக் கிழக்கே திருப்பி ஸ்விட்சைப் போட்டார்.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ரிமோட் மாதிரி ஒன்றில் ஊர், தேதி, நேரம் எல்லாம் தட்டினார். கடைசியாக சனி. மோட்டார் கிர்ரென்று சத்தம் போட்டது. குழாய் தானாகத் திரும்பி, தானாகத் தலையைத் தூக்கியது. “அம்மாடி!” என்றார்கள் பெண்கள். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழாய் தெற்கே போய் நின்றது. சகலை குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் திருகினார். மறுபடி பார்த்தார்.

“இன்னா தெரியுது?”

“ஒரே கருப்பா... ஏதோ கீத்து கீத்தா...”

அடுத்த வீட்டுப் பெரியவர், ரைஸ்மில் வைத்திருக்கிறவர், குழாய்க்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: “அட, அது எங்க ஊட்டுத் தென்ன மரம்பா!”

மாடி முழுக்கச் சிரிப்பு.

“சனி பகவான் தேங்கா பறிக்க ஏறிக்கினாரா?”

“எறங்கி வரட்டும், நாஷ்டா குடுத்து அனுப்பு!”

சகலை அணைத்து, மறுபடி கிழக்கு பார்த்து வைத்து, மறுபடி போட்டார். மறுபடியும் தென்னை மரம். மூன்றாவது தடவையும் அதே மரம். மச்சினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. “இதுக்காடா ஊரக் கூட்டன?” என்று யாரோ மாமனாரைக் கேட்டார்கள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வியர்க்காத முகத்தைத் துடைத்தார்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இனித்தது. காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கிழக்கே, வயலுக்கு மேலே, மஞ்சளாக, சிமிட்டாமல் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஏழரையில் இருந்த வருஷமெல்லாம் யாருக்கு எள் விளக்கு ஏற்றினேனோ அவர்தான் அது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தை அவரும் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

மனைவி பக்கத்தில் வந்தாள்.

“மத்தியானம் அந்த புக்க படிச்சுக்கினு இருந்தீங்களே.”

“எனக்கு இன்னாமே தெரியும், இங்கிலீஷு?”

“உங்களுக்குத் தெரியும்” என்றாள். “உங்க மூஞ்சியே சொல்லுது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு நகர்ந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. சொல்ல மாட்டேன் என்றாளே, அது என்னைக் கூட்டத்தில் துணியில்லாமல் நிறுத்தின மாதிரி ஆகிவிட்டது. பெருமாள் நான் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டார். இதை என்ன என்று சொல்லி நான் நன்றி சொல்வது?

வடக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றால், எப்படிச் சொல்வது என்பது இன்னொரு சிக்கல். கிழக்கு பார்த்து வைத்ததுதான் தப்பு என்றால் மாமனார் தலையில் விழும். சகலை மேல் எனக்கு எரிச்சல். மாமனாரை ஊர் முன்னால் குனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

“மாமா, கெழக்கு பாத்துத் தொறந்து வச்சாச்சு. அது முடிஞ்சுது. வேலை செய்யறதுக்கு வடக்கு பாக்கணும் மாமா. எங்க மிஷினும் அப்படித்தான், மொதல்ல ‘ஹோம்’னு அதோட எடத்துக்குப் போய் நிக்கணும்.”

மாமனார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அப்படியா? அப்ப திருப்புப்பா பெரிய மாப்ள, இன்னா பாத்துக்கினு நிக்கற!”

சகலை ரிமோட்டை என் கையில் கொடுத்தார். குழாயைப் படுக்க வைத்து வடக்கே திருப்பி, ஸ்விட்சை அணைத்து மறுபடி போட்டேன். சகலை மறுபடி எல்லாம் தட்டினார். மோட்டார் சத்தம் போட்டது. குழாய் வடக்கிலிருந்து மெதுவாகக் கிழக்குப் பக்கம் வந்து, கொஞ்சம் தெற்கே சாய்ந்து நின்றது. சின்னச் சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி ஒன்று குழாய் மேல் இருக்கிறது. அதில் பார்த்தால் அந்த மஞ்சள் நட்சத்திரம் ஒரு விரல் கடை தள்ளி நின்றது. அம்புக்குறி பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்தினேன். தினமும் செய்கிற வேலை. புள்ளி அதன் மேல் போய் உட்கார்ந்தது.

சகலை குனிந்தார். “அண்ணா!” என்று கத்தினார்.

ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். “சனிய நேருக்கு நேரா பாக்கலாமா?” என்று மாமியார் பயந்து, பக்கவாட்டில் நின்று, ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரைஸ்மில் பெரியவர் இரண்டு தடவை வரிசையில் வந்தார். “சின்ன மாப்ள மிஷினுன்னா மிஷினு!” என்றார். அதுவும் என் காதில் விழுந்தது. வலித்தது. பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை.

கடைசியில் மாமனார் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“பெரிய மாப்ள, ஒரு கோவிந்தா போடு.”

இதற்குத்தானே நாளெல்லாம் வெந்துகொண்டிருந்தேன். கையை உயர்த்தினேன். ‘கோவி’ வரைக்கும்தான் வந்தது. மதியம் அதே பெருமாள் முன்னால் நின்று, மனசுக்குள் வேறு ஒன்று கேட்டவன்தானே. நான் முடிக்கும் முன்பே சகலை தன் மெல்லிய குரலில் “கோவிந்தா!” என்று முடித்தார். எனக்குக் கை கொடுத்தார். மாடி முழுக்கப் பதில் சொன்னது.

“அண்ணா, நீங்க பாக்கலியே?”

“சனிக்கு நேரா நிக்கக் கூடாது தம்பி” என்றேன். வழக்கம் அதுதான், கோயிலில் நான் எப்போதும் ஓரமாக நின்றுதான் எள் விளக்கு வைப்பேன். ஆனால் அன்றைக்குக் காரணம் அது இல்லை. சனி பகவான் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பி வரும்போது பைக்கின் பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: “குட்டியா, மஞ்சளா, நடுவுல ஒரு கோடு. நாமத்தைப் படுக்கப் போட்ட மாரி இருந்துது.”

போன வாரம் சகலை போன் செய்தார். “அண்ணா, சனிக்கிழமை வேப்பம்பட்டுக்கு வாங்க. அந்த ஹோம் வைக்கறது எனக்குக் கையில வரல.”

அவருக்கு வரும். போனிலேயே திசை காட்டும், நானே பார்த்திருக்கிறேன். எனக்கு ஓர் இடம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார். இந்த நல்ல குணம் எனக்கு ஏன் இல்லை என்று அதன் மேலும் பொறாமை வந்தது. வருகிறேன் என்று சொல்லி, ஷிப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறேன். அன்று காலையிலேயே கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட வேண்டும். சாயங்காலம் அந்தக் கண்ணாடியில் கண்ணை வைக்க வேண்டுமென்றால், நான் பெருமாளிடம் கேட்டது இன்னதென்று அதற்கு முன்னால் சகலையிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பார்க்க மாட்டேன்.