குலாய்த் தோட்டத்தில் ராஜபார்ட் தேடிய கதை

எங்கள் சிங்கப்பூர் நாடகக் கம்பெனியின் ராஜபார்ட் நடிகர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு கூட்டம் பாதியாகிவிட்டது. ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். குலாய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் நல்ல குரலுள்ள ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மழை மாதம் என்றும் பாராமல் கிளம்பினேன். கம்பெனியில் நடிப்புச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. என்னைப்போல் ஆள் தேடிப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் கடற்பாலத்தைத் தாண்டி எட்டரைக்குள் ஜொகூர் பாருவில் இறங்கிவிடலாம். முப்பது காசு வாங்கினார்கள். சாப்பாட்டை அங்கேயே ராவுத்தர் கடையில் முடித்துக்கொள்ளுங்கள், பிறகு வழியில் ஒன்றும் தேறாது. அடுத்த பஸ்ஸில் குலாய் இருபது மைல். அங்கிருந்து தோட்டத்து லாரி கிடைக்காவிட்டால் ஐந்து மைல் செம்மண் சேற்றில் நடைதான். எனக்கு லாரி கிடைத்தது, மழைக்குக் குடையை விரித்துப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அது குலுக்கிய குலுக்கலில், நடந்தே போயிருக்கலாமோ என்று தோன்றியது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் அடைத்துக்கொண்டு, பகலிலேயே இருட்டிக் கிடந்தது. பாதி வழியில் எதிரே ஒரு கார் வந்ததும் டிரைவர் லாரியை ஓரங்கட்டிக் கீழே குதித்தார்.

"இறங்கிடுங்கய்யா, தொரை வர்றாரு. குடைய மடக்கிக்குங்க."

"மழை பெய்யுதே?"

"மழை நின்னுடும்யா. வேலை போனா போனதுதான்."

இறங்கினேன், குடையையும் மடக்கினேன். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார் எங்கள்மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயிற்று. எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது?

நான் தேடிப்போனவர் பெயர் மாரிமுத்து. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கலாம். அடுத்த கப்பலில் அவரையும் அனுப்பப்போவதாகக் கங்காணி சொல்லியிருந்தார். ஊரில் அவருக்கு ஒருவரும் இல்லை. மனைவியைப் புதைத்தது இந்தத் தோட்டத்தில்தான். ராஜபார்ட் கிடைத்தால் சிங்கப்பூரில் பிழைத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நடக்கவிருந்த நாடகத்தில் தேறினால் கையோடு கூட்டிப்போகிறேன் என்றேன். அதற்கு நான்கு நாட்கள் இருந்தன.

குரல் கணீரென்று இருந்தது. ஆனால் ஆள் நிற்கும்போது தோள் முன்னால் விழுந்து, பார்வை தரையில் கிடந்தது. அப்படி நிற்கிறவர் என்ன வசனம் பேசினாலும் கெஞ்சுவதுபோலத்தான் கேட்கும். என் பாடம் எளிமையானது. ராஜாவைப்போல நினைக்க முயலாதே, ராஜாவைப்போல நில், மற்றது தானாக வரும். பால் வாளி சுமக்கும் காண்டாக் கம்பை முதுகுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு கைகளையும் அதில் கோத்து நடக்கச் சொன்னேன். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மூன்று மணிக்கு வருவார். வெளிச்சம் மங்கும்வரை, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் அந்த நடைதான்.

மூன்றாம் நாள் கம்பை எடுத்துவிட்டேன். தோள் இறங்கவில்லை. மாரிமுத்து மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"வாத்தியாரே, யாரையும் போடான்னு சொல்லலாம்போல இருக்கு" என்றார். அப்போதுதான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஞாயிறு நாடகத்தைச் சாயங்காலத்திலேயே வைக்கச் சொல்லித் துரையின் உத்தரவு. தர்பார் காட்சி. சிம்மாசனத்தில் மாரிமுத்து, தலைக்குமேல் சேவகன் பிடித்த வெள்ளைக் குடை. துரோகம் செய்த மந்திரிக்கு அவர் தண்டனை சொல்லச் சொல்ல, ஜனங்கள் மூச்சுவிடவில்லை. கம்பெனி பிழைத்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் துரை வந்தார். கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது.

மாரிமுத்துவின் வசனம் பாதியில் நின்றது. சிம்மாசனத்திலிருந்து இறங்கினார். கிரீடத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சேவகனிடமிருந்து குடையை வாங்கி மடக்கினார். பிறகு முதுகை வளைத்து, தரையைப் பார்த்து நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அப்படித்தான் நின்றிருந்தார்கள். துரை மட்டும் கை தட்டினார். நாடகத்திலேயே தமக்கொரு மரியாதை சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை லாரியடியில் மாரிமுத்துவிடம், "மூட்டையைக் கட்டுங்க. இது பெரிய தப்பில்லை, சரிபண்ணிடலாம்" என்றேன்.

"அங்க நாடகம் பாக்கத் தொரைங்க வருவாங்களா?"

பொய் சொல்ல நா எழவில்லை. "வருவாங்க. முன்வரிசையில உட்காருவாங்க."

"அப்ப வேணாங்க." லாரிப் படியில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். "உடம்பு நிமிர்ந்தா மனசும் நிமிரும்னீங்க. நெசந்தான், நிமிர்ந்துச்சு. ஆனா பதினஞ்சு வருசமா குனிஞ்சிருக்கேனே வாத்தியாரே. அந்த மனசு என்ன ஆயிருக்கும்?"

லாரி கிளம்பிவிட்டது. அடுத்த கப்பலில் அவர் போய்விட்டதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையும் மாற்றுச் செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை லாரி ஆறு மணிக்கே கிளம்பிவிடும், தவறவிடாதீர்கள். தோட்டங்களில் நல்ல குரல்கள் நிறையக் கிடைக்கும். நிமிர்ந்து நிற்கவும் நான்கு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். நீங்கள் புறப்பட்டு வந்த பிறகு கற்றுக்கொண்டவர் நிமிர்ந்த அந்த முதுகை அங்கே எங்கே வைத்துக்கொள்வார் என்பதை மட்டும் முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.